டெட்ராட் கணக்கு பிசகுதா? கையைத் திட்டுவதற்கு முன்னம் நிறமூர்த்தத்தில் எந்த இடம் என்று பாருங்கள்

ஓகஸ்ட் மாதம். கச்சான் காற்று ஜன்னலைப் பிடித்து ஆட்டுகிறது, திருகோணமலை வெயில் சுவரைத் தாண்டி உள்ளே வருகிறது, நான் விசிறியை நிறுத்திவிட்டு நுணுக்குக்காட்டிக்கு முன்னால் வியர்த்து வழிய இருக்கிறேன். விசிறி ஓடினால் ஊசி ஆடும், ஏகார் தட்டும் காய்ந்துபோகும். ஒரு வித்திப்பைக்குள் இருக்கிற நாலு வித்தியையும் கண்ணாடி ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையில் வைக்கிற வேலை இது. அந்த நாலும் சேர்ந்ததுதான் ஒரு டெட்ராட். எந்த வித்திக்கு எந்தப் பெற்றோரின் ஜீன் போயிருக்கிறது என்று எண்ணி, ஜீன்களுக்கு இடையில் உள்ள தூரத்தைக் கணக்கிடத்தான் இந்தப் பாடு. இப்படி மதுவத்தோடு பல வருஷம் மினக்கெட்டவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. கடையில் ஈஸ்ட் என்று கேட்டால்தான் தருவார்கள், பாடப்புத்தகத்தில் மதுவம், இரண்டும் ஒன்றுதான்.

என்னிடம் வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கொண்டு வருகிறார்கள். "சேர், கணக்கு வருதில்லை, என்ர கைதான் பிழையோ?" சில நேரம் கைதான் பிழை. பல நேரம் கையில் ஒரு பிழையும் இல்லை, மதுவம் தன் குணத்தைக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். மீள்சேர்க்கை, அதாவது இரண்டு பெற்றோரின் டீ.என்.ஏ. துண்டுகள் மாறிக் கலப்பது, அதன் 16 நிறமூர்த்தங்களிலும் ஒரே சீராக நடப்பதில்லை. மொத்தம் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் மூலச்சோடி (டீ.என்.ஏ.யின் எழுத்துகள்), ஒரு ஒடுக்கற்பிரிவுக்கு (வித்தி உண்டாகிற கலப்பிரிவு) சராசரியாக 90 குறுக்குப்பரிமாற்றம் (சோடி நிறமூர்த்தங்கள் துண்டை மாற்றிக்கொள்வது), ஒவ்வொன்றுக்கும் 50 சென்ரிமோகன் (மீள்சேர்க்கையை வைத்து அளக்கிற தூர அலகு), ஆக மொத்தம் 4,500ஐ ஒட்டி வரும். வகுத்துப் பார்த்தால் 1,000 மூலச்சோடிக்கு மூன்றில் ஒரு சென்ரிமோகனுக்குக் கொஞ்சம் கூட. மனிதரில் 10 இலட்சம் மூலச்சோடிக்குத்தான் ஒரு சென்ரிமோகன், அதோடு பார்த்தால் மதுவம் நின்ற இடத்தில் நிற்காத பிராணி. ஆனால் இந்தச் சராசரியை நம்பி ஒரு குறிப்பிட்ட இடத்தின் தூரத்தைச் சொல்லப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

கீழே உள்ளதை உங்களுக்கு வந்த அறிகுறியைத் தேடிப் படித்தால் போதும்.

வித்தியே வரவில்லை

முதலில் பட்டினி வடிவாகப் போட்டீர்களா என்று பாருங்கள். நைதரசன் துளியும் இருக்கக்கூடாது, காபனுக்குப் பொற்றாசியம் அசற்றேற்று மட்டும். பழைய ஊடகத்தின் மிச்சம் கலத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தால் அது அரைப்பட்டினி, அரைப்பட்டினியில் மதுவம் வித்தி போடாது. இரண்டு தரம் தண்ணீரில் கழுவுங்கள். குடுவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், இதற்குக் காற்று நிறைய வேண்டும்.

அதுவும் சரி என்றால் கலங்களைக் கிளிசரோல் தட்டில் போட்டுப் பாருங்கள். வளரவில்லையா? இழைமணி கெட்டுப்போன குட்டை வகை அது. அசற்றேற்றை எரித்துச் சக்தி எடுக்க அதனால் முடியாது, பிறகெங்கே வித்தி. பழைய தட்டை எறிந்துவிட்டு உறைகுளிர்ச் சேமிப்பிலிருந்து புதிதாக எடுங்கள்.

அப்புறம் இனம், அதாவது மதுவத்தில் எந்த வம்சம் என்பது. 1996இல் முழு மரபுத்தொகுதியும் வாசிக்கப்பட்ட எஸ்288சி வித்தி போடுவதில் சோம்பேறி, நாட்கணக்கில் காத்திருந்தாலும் கொஞ்சம்தான் தரும். எஸ்கே1 ஒரே நாளில் பத்தில் ஒன்பது கலத்தை வித்தியாக்கிவிடும். எந்த இனம் என்று தெரியாமல் மூன்றாம் நாளே குடுவையைக் கழுவி ஊற்றிவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு தலையிடி இருக்கிறது: வெக்கை. கரண்ட் போன பின்னேரத்தில் அறை 33, 34 பாகைக்கு ஏறிவிடும். 30ஐத் தாண்ட விடாதீர்கள். நான் ரெஜிபோம் பெட்டிக்குள் குடுவையையும் இரண்டு குளிர்த் தண்ணீர்ப் போத்தலையும் வைத்து, தண்ணீர் சுட்டதும் போத்தலை மாற்றுவேன். அழகான ஏற்பாடு இல்லை, ஆனால் வேலை செய்கிறது. வித்தியின் எண்ணிக்கைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வெப்பநிலை மாறினால் நிறமூர்த்தத்தில் எந்த இடம் மீள்சேர்க்கைக்குச் சூடு (அடிக்கடி நடக்கிற இடம்), எந்த இடம் குளிர் (அபூர்வமாக நடக்கிற இடம்) என்பதும் ஓரளவு மாறும். மாசி மாதத் தரவையும் ஆவணி மாதத் தரவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் ஒரே வெப்பநிலையை வைத்திருந்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வித்தி வந்தது, முளைக்கவில்லை

எத்தனை முளைத்தது என்பதைவிட எந்த மாதிரியில் முளைத்தது என்று பாருங்கள். அங்கொன்று இங்கொன்றாகச் செத்திருந்தால் ஊசி குத்தியிருக்கும், அல்லது பைச்சுவரைக் கரைக்கிற நொதியத்தில் அதிக நேரம் கிடந்திருக்கும். எப்போது பார்த்தாலும் இரண்டு உயிர், இரண்டு சாவு என்றால் பெற்றோரில் ஒன்று உயிர்வாழத் தேவையான ஒரு ஜீனில் விகாரத்தை ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறது. நாலும் முளைத்த பைகள், இரண்டு முளைத்த பைகள், ஒன்றுமே முளைக்காத பைகள் என்று மூன்று வகை மட்டும் வந்தால் பெற்றோரில் ஒன்றில் இரண்டு நிறமூர்த்தங்கள் துண்டை மாற்றிக்கொண்டிருக்கின்றன. வைன் மதுவங்களில் 8க்கும் 16க்கும் இடையில் இப்படி ஒரு மாற்றம் பிரபலம், சல்பைற்றைத் தாங்குகிற பலம் அதிலிருந்து வருகிறது.

ஏறத்தாழ எல்லாமே சாவு என்றால், உங்கள் இரண்டு பெற்றோரும் உண்மையில் ஒரே உயிரினம்தானா? பாண் மதுவத்தையும் அதன் ஒன்றுவிட்ட சகோதரமான பரடொக்சஸையும் சேர்த்தால் கலப்பு நன்றாக வளரும், வித்தியும் போடும், ஆனால் நூறில் ஒன்றளவில்தான் முளைக்கும். டீ.என்.ஏ. இரண்டும் அதிகமாக வித்தியாசப்படுவதால், பிழைதிருத்தும் புரதங்கள் "இது சோடியில்லை" என்று இழைகளைப் பிரித்துவிடுகின்றன. குறுக்குப்பரிமாற்றம் குறைகிறது, நிறமூர்த்தங்கள் பிழையாகப் பங்கு பிரிகின்றன. அந்தத் திருத்துநரில் ஒன்றான எம்எஸ்எச்2ஐ நீக்கினால் முளைப்பு கூடுகிறது என்பதை 1996இலேயே காட்டிவிட்டார்கள்.

கடை ஈஸ்டை வைத்து டெட்ராட் பிரிக்க வேண்டாம், அதில் பல நான்மடியம் (நிறமூர்த்தத் தொகுதி இரண்டுக்குப் பதில் நாலு). சம்பூர்ப் பக்கமிருந்து வந்த பனங்கள்ளில் பிரித்தெடுத்த மதுவத்தில் நான் ஒரு மாதத்தைத் தொலைத்தேன். வித்தி அழகாக முளைத்தது, ஆனால் எந்தக் குடியேற்றமும் (ஒரு வித்தியிலிருந்து தட்டில் வளர்ந்த கலக்கூட்டம்) மற்றதோடு சேரவில்லை. காட்டு இனங்களில் எச்ஓ ஜீன் உயிரோடு இருக்கும், முளைத்த வித்தி தன் பால்வகையை மாற்றித் தன் பிள்ளையோடேயே சேர்ந்து இருமடியமாகிவிடும். முதலில் எச்ஓவை அழியுங்கள், பிறகு கலப்பு.

இரண்டுக்கு இரண்டு வரவேண்டிய இடத்தில் மூன்றுக்கு ஒன்று

எனக்குப் பிடித்த அறிகுறி இது. போன வருஷம் ஒரு தங்கச்சி முகம் வெளிறிப்போய் ஒரு தட்டைக் கொண்டு வந்தா. ஏட்2 ஜீனில் விகாரம் இருந்தால் குடியேற்றம் சிவப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. பத்து வரிசை, ஒன்பதில் இரண்டு சிவப்பு இரண்டு வெள்ளை. ஏழாவது வரிசையில் மட்டும் மூன்று வெள்ளை, ஒரு சிவப்பு. "நான் பக்கத்து வித்தியைத் தவறுதலா இழுத்திட்டன் போல, சேர். இதை வெட்டிவிடவோ?"

வெட்டவேண்டாம். முதலில் அதே ஏழாவது வரிசையில் மற்ற அடையாளங்களை, அதாவது இரண்டு பெற்றோரும் வித்தியாசப்படுகிற மற்ற இடங்களைப் பாருங்கள். பால்வகை இரண்டுக்கு இரண்டா? ஊட்டச்சத்து அடையாளங்கள் இரண்டுக்கு இரண்டா? எல்லாம் ஒழுங்காக இருந்து ஒன்றே ஒன்று மட்டும் மூன்றுக்கு ஒன்றாகியிருந்தால் அது ஜீன் மாற்றீடு. ஒரு நிறமூர்த்தத்தில் வெட்டு விழுந்தது, அதை ஒட்டுவதற்குத் தன் சோடி நிறமூர்த்தத்தைப் பார்த்துப் பிரதி எடுத்தது, எடுத்த இடத்தில் உங்கள் அடையாளமும் அகப்பட்டுக்கொண்டது. பிரதியான துண்டு சாதாரணமாக ஓரிரண்டாயிரம் மூலச்சோடி நீளம்தான், அதனால்தான் பக்கத்து அடையாளங்கள் ஆடவில்லை. மாறாக மூன்று நாலு அடையாளங்கள் ஒன்றாகக் கோணினால் அது டெட்ராடே இல்லை. பக்கத்தில் ஒட்டிக்கிடந்த நாலு சாதாரணக் கலங்களையோ, இரண்டு பைகளின் வித்திகளையோ கலந்து எடுத்திருக்கிறீர்கள். அதை மனம் இரங்காமல் வெட்டுங்கள்.

தங்கச்சியின் ஏழாவது வரிசையில் மற்றதெல்லாம் இரண்டுக்கு இரண்டு.

சாதாரண இடத்தில் நூறு டெட்ராடில் ஒன்றிரண்டில் இப்படி வரும். சூடான இடத்துக்குப் பக்கத்தில் பல மடங்கு கூட வரும். ஆகவே மூன்றுக்கு ஒன்று அடிக்கடி வருகிறது என்றால் அதுவே ஒரு தகவல்: உங்கள் அடையாளம் வெட்டு விழுகிற இடத்துக்குக் கிட்ட இருக்கிறது. ஒரே ஜீனுக்குள்ளேயும் இது சீராக இல்லை. ஆர்க்4, ஹிஸ்4 இரண்டிலும் ஜீனின் தொடக்கப் பக்கத்தில் இருக்கிற விகாரம் அடிக்கடி மாற்றீடாகும், வால் பக்கம் போகப் போகக் குறையும்.

ஒரே குடியேற்றத்தில் பாதி சிவப்பு பாதி வெள்ளை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். இரண்டு வித்தி ஒட்டி ஒன்றாக வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது வித்திக்குள் போகும்போதே டீ.என்.ஏ.யின் ஒரு இழை ஒன்றும் மற்ற இழை இன்னொன்றுமாக, திருத்தப்படாமலே போயிருக்கலாம். இரண்டு பாதியையும் தனித்தனியே எடுத்துப் பால்வகையையும் மற்ற அடையாளங்களையும் பாருங்கள். நிறத்தைத் தவிர எல்லாம் ஒன்றென்றால் இரண்டாவதுதான். சாதாரண இனத்தில் இது அபூர்வம், பிழைதிருத்தும் ஜீன் கெட்ட இனத்தில் கூடுதல்.

எல்லா வரிசையிலும் நாலும் வெள்ளை என்றால் இதொன்றும் இல்லை. நீங்கள் தொடங்கிய இருமடியக் குடியேற்றமே அந்த இடத்தில் ஒற்றை வகையாகிப்போயிருந்தது. வேறு குடியேற்றத்திலிருந்து தொடங்குங்கள்.

தூரம் கூடிப்போச்சு, அல்லது குறைஞ்சுபோச்சு

சூத்திரத்தைச் சரிபார்த்துவிட்டு மற்றதைக் கதைப்போம். இரண்டு அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது பெற்றோர் வகை மட்டும் உள்ள டெட்ராட் 41, நாலு வகையும் உள்ளது 18, பெற்றோரல்லாத வகை மட்டும் உள்ளது 1, மொத்தம் 60 என்று வையுங்கள். மரபியலாளர் பெர்கின்ஸ் 1949இல் தந்த முறைப்படி, 18ஓடு 6 பெருக்கல் 1ஐக் கூட்டி, 50ஆல் பெருக்கி, 60ஆல் வகுத்தால் 20 சென்ரிமோகன். வெறுமனே மீள்சேர்க்கை வித்திகளை எண்ணி வகுத்திருந்தால் 16.7தான் வரும், ஏனென்றால் இரட்டைக் குறுக்குப்பரிமாற்றங்களில் ஒரு பகுதி கண்ணில் படாமல் போகிறது. தூரம் 40ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தையும் அவ்வளவாக நம்பவேண்டாம், இடையில் இன்னொரு அடையாளத்தைப் போடுங்கள்.

சூத்திரம் சரி, டெட்ராடும் சரி, ஆனால் 20 சென்ரிமோகனுக்கு 55,000 மூலச்சோடி இருக்கவேண்டிய இடத்தில் 15,000தான் இருக்கிறது. இங்கேதான் பிள்ளைகள் தங்கள் கையைத் திட்டத் தொடங்குகிறார்கள்.

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போயிருப்பீர்கள். ஏழு கிணறு, எல்லாம் கூப்பிடு தூரம்கூட இல்லை, ஒரே முற்றம். ஆனால் ஒன்றில் அள்ளி ஊற்றும் சூடு அடுத்ததில் இல்லை. மதுவத்தின் நிறமூர்த்தமும் அப்படித்தான். ஸ்போ11 என்ற புரதம்தான் ஒடுக்கற்பிரிவில் டீ.என்.ஏ.யின் இரண்டு இழையையும் வெட்டுகிறது, அதுதான் வெட்டுகிறது என்பது 1997இல் உறுதியானது. ஒரு கலத்தில் ஏறத்தாழ 160 வெட்டு. 2011இல் வெட்டு விழும் இடங்களை மரபுத்தொகுதி முழுக்க வரைபடமாக்கியபோது 3,600 சூடான இடங்கள் தெரிந்தன. பெரும்பாலானவை ஜீனுக்கு முன்னால் இருக்கிற புரொமோட்டர் பகுதியில், நியூக்கிளியோசோம் (டீ.என்.ஏ. சுற்றியிருக்கிற புரத உருண்டை) விலகி டீ.என்.ஏ. வெறுமையாகக் கிடக்கிற இடத்தில். கதவு திறந்திருக்கிற வீட்டுக்குள்தானே போக முடியும். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது: பக்கத்து நியூக்கிளியோசோமின் ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் 4ஆம் லைசீனில் செட்1 என்ற நொதியம் மூன்று மெதைலை அடையாளமாக வைத்திருக்கும், அதை எஸ்பிபி1 என்ற புரதம் பிடித்து நிறமூர்த்த அச்சிலிருக்கிற மெர்2 புரதத்தோடு கட்டிவிடும், அந்த அச்சில்தான் வெட்டும் கூட்டம் காத்திருக்கிறது. மனிதரில் பிஆர்டிஎம்9 என்ற புரதம் குறிப்பிட்ட எழுத்துத் தொடரைத் தேடிப் பிடித்து இடத்தைக் காட்டுகிறது. மதுவத்தில் அப்படியொரு வழிகாட்டி இல்லை. அதனால் எழுத்துத் தொடரை மட்டும் உற்றுப் பார்த்து இது சூடா குளிரா என்று சொல்ல மினக்கெடாதீர்கள்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று: தேர்வுக்காக நீங்களே ஒரு அடையாளத் துண்டைச் செருகியிருந்தால், அந்தத் துண்டே இடத்தைச் சூடாக்கியிருக்கலாம். ஆய்வுகூடங்களில் பெயர்போன ஹிஸ்4-லியூ2 சூடான இடம் இயற்கையில் இருந்ததே இல்லை. 3ஆம் நிறமூர்த்தத்தில் ஹிஸ்4க்குப் பக்கத்தில் லியூ2ஐயும் கொஞ்சம் பக்ரீறியா டீ.என்.ஏ.யையும் செருகி உண்டாக்கியது. எங்கிருந்தோ வாங்கிய எஸ்கே1 இனத்தில் அந்தச் செருகல் இருக்கிறதா என்று தெரியாமல் ஹிஸ்4ஐ அடையாளமாக எடுத்தால் கணக்கு கட்டாயம் கோணும். இனத்தின் சாதகத்தை முழுக்க வாசியுங்கள்.

இப்போது மறுபக்கம்: 60,000 மூலச்சோடி இருந்தும் அதற்கேற்ற தூரம் வரவில்லை. மூன்று இடத்தைச் சந்தேகியுங்கள். ஒன்று மையப்பாத்து, கலம் பிரியும்போது நிறமூர்த்தத்தைப் பிடித்து இழுக்கிற இடம். அதன் பக்கத்தில் குறுக்குப்பரிமாற்றம் நடந்தால் நிறமூர்த்தங்கள் பிழையாகப் பிரியும் ஆபத்து இருப்பதால், அங்கே கூடியிருக்கிற சிடிஎஃப்19 என்ற புரதக் கூட்டமே வெட்டையும் தடுக்கிறது, விழுந்த வெட்டு குறுக்குப்பரிமாற்றமாவதையும் தடுக்கிறது. இரண்டு, நிறமூர்த்தத்தின் நுனிகள். மூன்று, 12ஆம் நிறமூர்த்தத்தில் றைபோசோம் ஆர்.என்.ஏ. ஜீன்கள் வரிசையாக நிற்கிற பகுதி. 9,100 மூலச்சோடி நீளத் துண்டு, 100 முதல் 200 பிரதி, ஆக 10 இலட்சம் மூலச்சோடியை ஒட்டி அல்லது அதற்கும் மேலே. அந்த நீளத்துக்கு அங்கே ஒடுக்கற்பிரிவு மீள்சேர்க்கை மிகக் குறைவு, சர்2 என்ற புரதம் உள்ளே அமுக்குகிறது, பிசிஎச்2 என்ற புரதம் ஓரத்தைக் காக்கிறது. இதில் ஒரு பொறியும் உண்டு: எல்லோரும் ஒப்பிடுகிற மேற்கோள் டீ.என்.ஏ. வரிசையில் அந்தத் துண்டு இரண்டு பிரதிதான் எழுதப்பட்டிருக்கும், அதைப் பார்த்துத் தூரம் அளந்தால் வரைபடத்தில் ஆற்றைக் கோடென்று நினைத்த கதைதான்.

இதொன்றுமே இல்லை, நிறமூர்த்தத்தின் நடுவில் ஒரு நீண்ட பகுதியில் மட்டும் குறுக்குப்பரிமாற்றமே இல்லை என்றால், பெற்றோரில் ஒன்றில் அந்தத் துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

சின்ன நிறமூர்த்தங்களில் தூரம் பொதுவாகவே கூடத்தான் வரும், அதைப் பிழை என்று எடுக்கவேண்டாம். 1ஆம் நிறமூர்த்தம் 2,30,000 மூலச்சோடிதான். சராசரி வீதத்தில் அதற்குக் கிடைப்பது 1.7 குறுக்குப்பரிமாற்றம், அதையும் அதிர்ஷ்டத்துக்கு விட்டால் நூறில் 18 தடவை ஒன்றுகூட விழாது. ஒன்றுமில்லாத சோடி ஒழுங்காகப் பிரியாது, வித்தி கெடும். அதனால் சின்னதுகளுக்கு வீதம் கூட்டிக் கொடுக்கப்படுகிறது, ஒன்று விழுந்த இடத்துக்குக் கிட்ட இன்னொன்று விழாதபடி தடையும் இருக்கிறது. அந்தத் தடையால்தான் பெற்றோரல்லாத வகை டெட்ராட் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வரும். அதற்கும் கையைத் திட்டவேண்டாம்.

வெவ்வேறு நிறமூர்த்தத்தில் இருக்கிற இரண்டு அடையாளங்கள் ஒட்டியிருப்பது போலத் தெரிந்தால்? பெற்றோர் வகையும் பெற்றோரல்லாத வகையும் சமமா என்று பாருங்கள். சமம், ஆனால் நாலு வகை டெட்ராட் மூன்றில் இரண்டு பங்குக்கு வராமல் மிகக் குறைவு என்றால், இரண்டும் தத்தம் மையப்பாத்தை ஒட்டி நிற்கின்றன. 4ஆம் நிறமூர்த்தத்து டிரிப்1 அப்படிப்பட்டது, அதை வைத்தே மற்ற அடையாளங்களுக்கும் மையப்பாத்துக்கும் உள்ள தூரத்தை அளக்கலாம்.

டீ.என்.ஏ. வரிசை வாசித்த தரவில் குறுக்குப்பரிமாற்றம் கொட்டிக் கிடக்கிறது

ஒரு டெட்ராடில் இருநூறு, முந்நூறு வந்தால் சந்தோஷப்படாதீர்கள். 2008இல் எஸ்288சியையும் வைஜேஎம்789 என்ற இன்னொரு இனத்தையும் கலந்து 50,000க்கு மேற்பட்ட அடையாளங்களோடு பார்த்தபோது ஒரு ஒடுக்கற்பிரிவுக்குக் கிடைத்தது சராசரியாக 90 குறுக்குப்பரிமாற்றமும், குறுக்காகாத மாற்றீடு 46உம். உங்களுடையது அதைவிடப் பல மடங்கு என்றால் மதுவத்தில் அல்ல, கணினியில்தான் கோளாறு.

அதே தங்கச்சி இந்த வருஷம் மடிக்கணினியோடு வந்தா, நுனிப் பக்கங்களில் சூடான இடங்கள் வரிசையாக. திறந்து பார்த்தால் எல்லா டெட்ராடிலும் அதே அடையாளங்கள், ஒற்றை ஒற்றையாக, ஒரு பெற்றோர் வகையிலிருந்து மற்றதுக்குப் போய்த் திரும்பி வருகின்றன. உண்மையான வெட்டு எல்லாக் கலத்திலும் ஒரே எழுத்தில் விழாது. நுனிகளிலும், டிவை என்ற தாவுகிற டீ.என்.ஏ. துண்டுகளிலும் ஒன்றைப்போல ஒன்று பல இடத்தில் இருப்பதால் வாசித்த சின்னத் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருந்தன. அந்தப் பகுதிகளை மூடினோம். ஒருமடிய வித்தியில் (ஒவ்வொரு நிறமூர்த்தமும் ஒன்றுதான் இருக்கவேண்டும்) இரண்டு பெற்றோரின் எழுத்தும் பாதிக்குப் பாதி வந்த ஒரு மாதிரியை, இரண்டு குடியேற்றம் கலந்தது என்று எறிந்தோம். ஒரு வித்தியில் ஒரு நிறமூர்த்தத்தின் ஆழம் (ஒவ்வொரு எழுத்தும் எத்தனை தரம் வாசிக்கப்பட்டது என்பது) மட்டும் இரட்டிப்பாக இருந்தது, அது அந்த நிறமூர்த்தம் இரண்டு வாங்கிய வித்தி, அதையும் தனியே வைத்தோம்.

மிச்சத்தை நாலு வித்தியையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். ஒரே இடத்தில் இரண்டு வித்தி எதிரெதிராக மாறியிருந்தால் குறுக்குப்பரிமாற்றம். ஒன்றில் மட்டும் ஒரு சின்னத் துண்டு மாறித் திரும்பியிருந்தால் மாற்றீடு, அதுவும் பக்கத்துப் பக்கத்து அடையாளங்கள் இரண்டு மூன்றாவது சேர்ந்து மாறியிருந்தால்தான் எண்ணினோம். பின்னேரம் தேத்தண்ணி வந்த நேரத்தில், இருநூற்றுக்கு மேலே நின்ற எண்ணிக்கை தொண்ணூறுக்குக் கிட்ட வந்து நின்றது. நுனிச் சூடெல்லாம் போய்விட்டது. 3ஆம் நிறமூர்த்தத்தில் அவ கவனிக்காமல் விட்டிருந்த ஒரு கூட்டம் மட்டும் அப்படியே இருந்தது, அதை இப்போது புதுத் தட்டில் டெட்ராட் பிரித்துப் பார்க்கிறா, விசிறியை நிறுத்திவிட்டு.